கிறவல் கிடங்கிலிருந்து ஒரு வர்ணப்பெட்டி

போன பங்குனியில் ஒரு ஜாம் போத்தலுக்குள் கிறவல் மண்ணை, றோட்டுக்குப் பரப்புகிற அந்தச் செம்மண்ணை, போட்டுக் கலக்கி யன்னலில் வைத்தேன். இப்போது தை. அதே யன்னலில் 11 சோடா மூடிகளில் வர்ணம் இறுகிக் கிடக்கிறது. அந்த வர்ணத்தால் தீட்டிய படங்கள் 200ஐத் தாண்டிவிட்டன. இடையில் எது பிழைத்தது, எது சரிவந்தது என்பதை மறக்கும் முன் எழுதி வைக்கிறேன். வன்னியில், இரணைமடுக் குளத்துக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறேன். காலையில் பள்ளிக்கூடம் வெளிக்கிட முதல் அரை மணித்தியாலம் ஏதாவது ஒன்றைக் கீறவேண்டும் என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட ஒழுங்கு.

அந்த ஒழுங்கு பல தடவை முறிந்தது. காரணம் சோம்பல் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். பிறகுதான் விளங்கியது, நான் வர்ணத்துக்குப் பயந்திருக்கிறேன். நல்ல நீர்வர்ணப் பெட்டி என்றால் கொழும்பிலிருந்து எடுப்பிக்கவேண்டும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதிச் சாமான் விலை கேட்கவே மனம் வராது. குருவித்தலை அளவு நீலத்தைத் தட்டில் பிதுக்கிவிட்டு, இதை வீணாக்கக் கூடாது என்ற எண்ணத்தோடு தூரிகையைத் தொட்டால் கோடு இறுகிவிடும். நாள்தோறும் கீறுகிறவருக்கு வீணாக்கும் உரிமை வேண்டும். பத்துப் படத்தில் ஏழு சரிவராது. அந்த ஏழையும் மனக்கவலை இல்லாமல் கீறக்கூடிய சாமான் வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. 2008இல் போரால் வீட்டைவிட்டு வெளிக்கிட்டபோது என்னுடைய நாலு சித்திரக் கொப்பிகளைப் பொலித்தீனில் சுற்றி, மாமரத்துக்குக் கீழே கிடங்கு வெட்டித் தாட்டேன். அந்த நாளில் பலர் பலதையும் அப்படித் தாட்டார்கள். 2010இல் திரும்பி வந்து தோண்டினால் மூன்று கொப்பி கறையான் புற்றாகிவிட்டது. நாலாவதில் சில தாள்கள் மிஞ்சியிருந்தன. அவற்றில் பெல்ற் பேனையால் தீட்டியதெல்லாம் ஊறிக் கலங்கி, எந்த நிறம் எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. பென்சில் கோடுகள் அப்படியே இருந்தன. அம்மம்மாவின் கை, அவவின் சுருக்குப்பை, ஒரு தறித்த பனங்குற்றி. பென்சிலில் இருப்பது காரீயம் என்கிறோம், உண்மையில் அது கரியின் ஒரு வடிவம். தண்ணீர் அதைக் கரைக்காது, வெயில் அதை வெளிறச் செய்யாது. அந்தத் தாளைப் பார்த்த நாளிலிருந்து, நிற்கிற நிறம் எது, போகிற நிறம் எது என்பது எனக்குப் பெரிய கேள்வியாகிவிட்டது.

நிற்கிற நிறங்களில் முதலாவது மண். சிகிரியாக் குன்றில் 5ஆம் நூற்றாண்டில் தீட்டிய பெண்களின் மேனியில் இன்றைக்கும் தெரிகிற சிவப்பும் மஞ்சளும் மண்ணிலிருந்து எடுத்தவைதான். எங்கள் ஊரில் அந்தச் சிவப்பு றோட்டில் கிடக்கிறது. வெயில் காலத்தில் கிறவல் றோட்டால் ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் போனால் வேலிப் பூவரசு முழுக்கச் சிவந்துவிடும். வேலைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையிலும் அந்தச் சிவப்புத்தான், சவர்க்காரம் போட்டாலும் இலேசில் போகாது. இவ்வளவு பிடிவாதமான நிறத்தைக் காலடியில் வைத்துக்கொண்டு கொழும்புக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாங்குளம் பக்கம் ஒரு பழைய கிறவல் கிடங்கு. வெட்டின சுவரில் மேலே கடும் சிவப்பு, இடையில் செம்மஞ்சள், அடியில் மஞ்சள் திட்டுகள். மூன்று பைகளில் எடுத்துவந்தேன். சிவப்பு, மஞ்சள் இரண்டுக்கும் இரும்புதான் காரணம். மஞ்சளில் இரும்போடு நீரும் கட்டுண்டு இருக்கும். அதைச் சூடாக்கினால் நீர் பிரிந்து சிவப்பாகிவிடும். படித்திருந்தாலும் கண்ணால் பார்க்கும்வரை மனம் நம்பவில்லை. பழைய இரும்புத் தாச்சியில் மஞ்சள் மண்ணைப் பரப்பி விறகடுப்பில் வைத்துக் கிளறினேன். கால் மணித்தியாலத்தில் செம்மஞ்சள், அரை மணித்தியாலத்தில் செங்கல் நிறம். சூட்டோடு பார்க்கையில் கடுமையாக, கிட்டத்தட்டக் கபிலமாகத் தெரிந்தது, ஆறியபோது திரும்ப வெளித்தது. அதனால் அடுப்பில் இருக்கும்போது நிறத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. ஒரு கரண்டி எடுத்துக் கல்லில் கொட்டி ஆறவிட்டுத்தான் பார்க்கவேண்டும். ஒரே மண்ணிலிருந்து இப்படி நாலு நிறம் எடுத்தேன்.

மண்ணைக் கழுவுவதுதான் பொறுமையான வேலை. இரண்டு கைப்பிடி மண்ணைத் தண்ணீர்ப் போத்தலில் போட்டு நன்றாகக் குலுக்கி, நாற்பது எண்ணும்வரை விட்டால் மணல் அடியில் போய்விடும். மேலே நிற்கும் கலங்கல் தண்ணீரை மட்டும் அடுத்த போத்தலுக்குச் சரிக்கவேண்டும். எங்களுக்குத் தேவை அந்தக் கலங்கல்தான். இப்படி மூன்று தரம். பிறகு ஒரு நாள் முழுக்க அசையாமல் விட்டால் அடியில் வெண்ணெய் மாதிரி வண்டல் படியும், தெளிந்த தண்ணீரை ஊற்றிவிட்டு வண்டலைத் தட்டில் காயவைக்கலாம். நாலு கைப்பிடி மண்ணுக்கு மூன்று மேசைக்கரண்டித் தூள் கிடைத்தது. விரலுக்கிடையில் தேய்த்தால் முகத்துக்குப் போடுகிற பவுடர் மாதிரி இருக்கவேண்டும். நறநறவென்றால் திரும்பக் கழுவவேண்டியதுதான்.

இதில்தான் முதல் பிழை நடந்தது. கிணற்றுத் தண்ணீரில் கழுவினேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலுக்குள் வெள்ளைப் படையாகப் படிகிற தண்ணீர். அந்தத் தூளால் செய்த முதல் வர்ணத்தைத் தீட்டிக் காயவிட்டால் சிவப்புக்கு மேலே மெல்லிய வெள்ளைப் புகார். துடைத்தால் போகும், அடுத்த நாள் திரும்ப வரும். பிசினில்தான் பிழை என்று இரண்டு கிழமை தேடினேன். கடைசியில் கேத்திலைக் கழுவும்போதுதான் பொறி தட்டியது. சித்திரையில் ஒரு பின்னேரம் இடியோடு மழை பெய்தபோது கூரைப் பீலியால் வடிகிற தண்ணீரை வாளியில் பிடித்து, அதில் எல்லாத் தூளையும் திரும்பக் கழுவினேன். புகார் நின்றுவிட்டது. இப்போது மழைத்தண்ணீர் மட்டும்தான், வர்ணத்துக்கென்று ஒரு கலன் தனியாக இருக்கிறது.

தூளைக் கடதாசியில் ஒட்டவைக்கப் பிசின் வேண்டும். கடை வர்ணங்களில் அராபியப் பிசின் சேர்க்கிறார்கள். இலங்கையில் பழைய கோயில், விகாரை ஓவியங்களுக்கு விளாம்பிசின் சேர்த்த வழக்கம் இருந்திருக்கிறது. விளா எங்கள் காட்டு மரம். பக்கத்து வளவு ஆச்சியின் வேலியோரம் ஒன்று நிற்கிறது. மாரி முடிந்த கையோடு பட்டை வெடிப்பில் தேன் நிறத்தில் கட்டி கட்டியாகப் பிசின் வடிந்திருக்கும். நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றதை ஆச்சி கண்டுவிட்டா.

"என்ன பிள்ளை, இப்ப பழம் இல்லையே, என்னத்தை மேல பாக்கிறாய்?"

"பழம் இல்லை ஆச்சி, பிசின். படம் கீறுற வர்ணத்துக்கு."

"முந்தி என்ர அப்பு கடதாசி ஒட்ட இதைத்தான் ஊறவைச்சவர். கீழ் கொப்பில இருக்கிறதை எடு, நல்லாக் காஞ்சது. வெட்டிப்போடாத, மரம் நோகும்."

கால் கோப்பை பிசினை உடைத்து, அரைக் கோப்பை சூடான மழைத்தண்ணீரில் ஓர் இரவு ஊறவிட்டு, பழைய வேட்டித் துண்டால் வடித்தேன். பட்டைத் துகளும் எறும்பும் துணியில் தங்கிவிடும். மிஞ்சுவது தெளிந்த கபிலப் பாகு. ஐந்து பங்கு பாகுக்கு ஒரு பங்கு தேன், ஒரு துளி கராம்பு எண்ணெய். தேன் வர்ணத்தை வெடிக்காமல் வைத்திருக்கும், தூரிகை பட்டதும் இளகவும் செய்யும். கராம்பு எண்ணெய் பூஞ்சணத்துக்கு. வன்னியில் தேனுக்குக் குறையில்லை.

அரைப்பதற்கு அம்மியைத் தொடவில்லை, கல்லும் உறைப்பும் சேர்ந்து வரும். பழைய யன்னல் கண்ணாடித் துண்டு ஒன்று, அடி தட்டையான கண்ணாடிப் பேப்பர்வெயிற் ஒன்று. இரண்டையும் மணலும் தண்ணீரும் விட்டுத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினேன், அப்போதுதான் தூள் வழுக்காமல் பிடிபடும். இரண்டு கரண்டித் தூள், இரண்டு கரண்டிப் பாகு, எட்டு வடிவத்தில் சுழற்றிச் சுழற்றி இருபது நிமிடம். தொடக்கத்தில் கரகரவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் அடங்கி, கண்ணாடி கண்ணாடியில் ஒட்டி இழுக்கிற மாதிரி வரும்போது வேலை முடிந்தது. சோடா மூடியில் ஒரேயடியாக நிரப்பக் கூடாது. காயும்போது சுருங்கி நடுவில் பிளக்கும். மூன்று தடவையாக, ஒன்று காய்ந்தபிறகு அடுத்தது.

அளவு பிடிபட நாலு முயற்சி எடுத்தது. பிசின் குறைந்தால் காய்ந்த படத்தைத் தொட்ட விரலில் நிறம் வரும். கூடினால் பளபளத்து, சிம்பு சிம்பாகக் கழரும். தேன் கூடினால் வர்ணம் காயவே காயாது, எறும்பும் வரிசை கட்டி வரும். கோடையில் சோளகம் அடிக்கிற நாட்களில் சரியாக இருந்த அதே அளவு, ஐப்பசி மழை தொடங்கியதும் பிசுபிசுத்துவிட்டது. மாரிக்குச் செய்வதென்றால் தேனைப் பாதியாகக் குறைக்கிறேன்.

கறுப்பு இரண்டு விதமாகச் செய்தேன். முருங்கைக் குச்சியைத் தோல் சீவி, பால்மா ரின்னில் இறுக்கி அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரு துளை போட்டு நெருப்பில் வைத்தால் துளையால் புகை வரும். புகை நின்றதும் ரின்னை எடுத்து மண்ணில் புதைத்துவிடவேண்டும். ஆறமுதல் திறந்தால் காற்றுப் பட்டு உள்ளே தீப்பிடிக்கும், எனக்கு ஒருமுறை முழு ரின்னும் சாம்பலானது. இந்தக் கரிக்குச்சி கோடு கீற அருமை. வர்ணத்துக்கு விளக்குக்கரி. தேங்காயெண்ணெய் விளக்குக்கு மேலே மண்சட்டியைக் கவிழ்த்து, படிந்த கரியைக் கோழியிறகால் தட்டியெடுத்தேன். அது தண்ணீரில் தாழாது, மேலே மிதந்து திரியும். காயத்துக்குப் பூசுகிற ஸ்பிரிட்டில் சில துளி விட்டுப் பிசைந்த பிறகுதான் பிசினோடு சேர்ந்தது.

அடுத்த சிக்கல் பச்சை. பச்சை மண் எங்கேயும் கிடைக்கவில்லை. காலபோக வயலும் பாலைமரமும் உள்ள ஊரில் பச்சை இல்லாமல் எதைக் கீறுவது? இலைகளையும் பூக்களையும் கசக்கினேன். வாகை இலை, செவ்வரத்தம்பூ, மஞ்சள் கிழங்கு, தேக்கங்கொழுந்து, உடுப்புக்குப் போடுகிற நீலம். எல்லாவற்றையும் ஒரு நீளத் தாளில் பட்டி பட்டியாகத் தீட்டி, பாதியைத் தடித்த மட்டையால் மூடி, தெற்கு யன்னலில் ஒட்டினேன். பக்கத்திலேயே சிவப்பு மண், மஞ்சள் மண், கறுப்பு. ஒரு மாதம் கழித்து மட்டையை எடுத்தேன். மஞ்சள் கிழங்கு இருந்த இடத்தில் ஒரு சந்தேகம் மட்டும். செவ்வரத்தை சாம்பலாகிவிட்டது. இலைப்பச்சை காய்ந்த வைக்கோல். உடுப்பு நீலம் பாதிக்குமேல் போய்விட்டது. மண் நிறங்களில் மட்டை மூடின பாதி எது, வெயில் பட்ட பாதி எது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தத் தாளை வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். "ரீச்சர், அப்ப செவ்வரத்தம்பூவைச் செவ்வரத்தம்பூவால கீறேலாதோ?" என்று ஒரு பிள்ளை கேட்டது. கீறலாம், ஆனால் பூப் போலவே அதுவும் வாடும் என்று சொன்னேன்.

பச்சை கிடைத்தது ஒரு தவறினால். கறுப்புத் தோய்ந்த தூரிகையைக் கழுவாமல் மஞ்சள் மண்ணில் வைத்துவிட்டேன். தட்டில் பாலையிலையின் நிறம் வந்து நின்றது. விளக்குக்கரி கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்தாலும் தண்ணீரில் இளக்கினால் நீலச் சாயல் உள்ளது. மஞ்சளோடு சேர்ந்தால் அது பச்சைப் பக்கம் போகிறது. சுவீடன் ஓவியர் அன்டர்ஸ் சோர்ன் (1860–1920) வெள்ளை, மஞ்சள் மண், சிவப்பு, கறுப்பு என்ற நாலை வைத்துக்கொண்டே நிறையப் படங்கள் தீட்டியவர் என்பது எனக்குத் தெரியும். படிப்பித்தும் இருக்கிறேன். ஆனால் கறுப்பை நீலமாகப் பாவிப்பது என்றால் என்ன என்பது அந்தக் கழுவாத தூரிகையில்தான் பிடிபட்டது. இளம் நாற்றின் பளீரென்ற பச்சை இதில் வராது. அதைக் கீற ஆசைப்படும் நாளில் கடை வர்ணத்தைத் தொடுகிறேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் அறுவடை முடிந்த வயல், குளக்கட்டுப் புல், மருதமரத்தின் நிழல், சாணி மெழுகின முற்றம், எல்லாம் இந்தக் கறுப்பு மஞ்சளுக்குள் இருக்கின்றன.

கடதாசிக்குச் சீமெந்துப் பை. உள் மடிப்புத் தாள்களை மட்டும் எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, பாரம் வைத்துச் சமப்படுத்தி, உள்ளங்கை இரண்டளவில் வெட்டிக்கொள்கிறேன். கபிலத் தாள் என்பதால் இடை நிறம் ஏற்கெனவே இருக்கும். இருளுக்குக் கரி, வெளிச்சத்துக்கு வெண்கட்டித் தூளும் பிசினும். ஈரத்தில் வெண்கட்டி மறைந்துவிடும், காயக் காயத்தான் வெளித்து வரும், பொறுக்கவேண்டும். தாள் விறைப்பாக இருக்கட்டும் என்று ஒரு கட்டுக்குக் கஞ்சி பூசினேன். இராமபாணப் பூச்சி ஓரம் ஓரமாக அரித்துவிட்டது. இனிக் கஞ்சி இல்லை. முடிந்த படங்களை றங்குப்பெட்டியில் வேப்பிலையோடு வைக்கிறேன். பெட்டி மேசையில், மேசைக்கால்கள் கழிவு ஒயில் விட்ட ரின்களுக்குள். தண்ணீர் விட்டால் நுளம்பு பெருகும். கறையானுக்கு இனி ஒரு தாள்கூடக் கொடுக்க என்னால் முடியாது.

கீறுவதைப் பற்றியும் கொஞ்சம். ஒரே கேத்திலைப் பத்து நாள் கீறினேன். முதல் மூன்று நாள் எனக்குத் தெரிந்த கேத்திலைக் கீறினேன், பார்க்கிற கேத்திலை அல்ல. நாலாம் நாள் கைபிடிக்கும் மூடிக்கும் இடையில் உள்ள வெறுமையின் வடிவத்தை மட்டும் கீறிப் பார்த்தேன், கேத்தில் தானாக வந்து உட்கார்ந்தது. பிள்ளைகளுக்கு இப்போது கதிரையைக் கீறச் சொல்வதில்லை, கதிரைக் கால்களுக்கு இடையில் தெரிகிற நிலத்தைக் கீறச் சொல்கிறேன்.

ஆட்களைக் கீறப் பஸ் தரிப்பிடம்தான் நல்ல இடம். நிற்கிறவர் அசைவார், பஸ் வந்தால் போய்விடுவார். முகத்தில் தொடங்கினால் முகத்தோடு முடிந்துவிடும். எந்தக் காலில் பாரம் நிற்கிறது என்று பார்த்து, கழுத்துக் குழியிலிருந்து அந்தக் குதிவரை ஒரு கோடு. அது சரியென்றால் பையும் குடையும் எங்கே தொங்கவேண்டும் என்பது தெரிந்துவிடும். ஒவ்வொரு தாளிலும் மூலையில் திகதி, நேரம், காற்று. காற்றை எழுதுவது வர்ணம் காய்கிற வேகத்துக்காகத் தொடங்கியது. இப்போது சோளகம், கச்சான், வாடை என்று அந்த மூலைகளை மட்டும் புரட்டினாலே ஒரு வருடம் தெரிகிறது.

மார்கழியில் ஆச்சி படலையைத் திறந்துகொண்டு வந்தா. "பிள்ளை, என்ர பிசினில கீறுறாய், எனக்கு ஒண்டு கீறித் தரமாட்டியோ? எங்கட பழைய வீட்டை." அந்த வீட்டின் படம் ஒன்றுகூட அவவிடம் இல்லை, படப்பெட்டியோடு எல்லாம் போய்விட்டது. மண் சுவர், கிடுகுக் கூரை. கூரை போனபிறகு மாரி மாரியாகச் சுவர் கரைந்து, இப்போது அந்த இடத்தில் முழங்காலளவு மண்மேடு. அந்த மேட்டிலிருந்தே ஒரு சிரட்டை மண் எடுத்தேன். கழுவி அரைத்தபோது கிறவல் சிவப்பு இல்லை, சோற்றுப் பானையின் அடி மாதிரி ஒரு மங்கிய செங்கபிலம். சுவருக்கு அதை மட்டும்தான் பாவித்தேன். ஆச்சி திண்ணையில் இருந்து சொல்லச் சொல்ல, முதலில் கரியில் கீறினேன். உரல் எங்கே, மாட்டுக்கொட்டில் எவ்வளவு தூரம், தலைவாசலில் எத்தனை கப்பு. நாலு தாள் போனது. ஐந்தாவதை வர்ணத்தோடு முடித்து நேற்றுப் பின்னேரம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கன நேரம் பார்த்தா. சுவரை விரலால் தடவி, விரலைத் திருப்பிப் பார்த்தா. நிறம் ஒட்டவில்லை.

"சுவர் சரி," என்றா. "ஆனா படலை இந்தப் பக்கம் இல்லையே பிள்ளை. கிணத்தடிப் பக்கம். அதால வந்தாத்தான் விளாமரம் முன்னுக்குத் தெரியும்."

சிரட்டையில் இன்னும் ஒரு மூடிக்குப் போதுமான தூள் இருக்கிறது. வாடை விட்டால் நாளைக்கு அரைக்கலாம்.